கார் ஷெட்டில் ஒரு பார்ட்டிஷன்

நான் ஒரு சந்தேகப் பிராணி. மீன் வாங்கும்போது எல்லாரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். நான் விற்கிறவரின் முகத்தையும் பார்ப்பேன். டாக்டர் எழுதிய மருந்தை டாக்டரிடமே இன்னொரு முறை சரிதானா என்று கேட்பேன். நர்ஸ் வேலையில் இந்தக் குணத்துக்கு ஜாக்கிரதை என்று பெயர். வீட்டில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை எழுத முடியாது. கட்டிய கணவரை ஒரே ஒரு தடவைதான் சந்தேகப்பட்டேன் என்று சொன்னால் என் மகளே சிரிப்பாள். ஆனால் வீட்டு ஓனரைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு சந்தேகப்பட்டது ஒரே தடவைதான்.

அப்போது நாங்கள் அஜ்மானில் மாடியில்லாத ஒரு பழைய வில்லாவில் குடியிருந்தோம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. அதற்கு முன் ஷார்ஜாவில் ஒரே ஃபிளாட்டில் மூன்று குடும்பம், ஆளுக்கு ஒரு அறை, சமையலறைக்கு முறை. டூட்டி முடிந்து வந்து என் முறைக்காக நான் காத்து நிற்கையில் அடுத்த அறைக்காரி வேண்டுமென்றே பருப்பை மெதுவாக வேகவைப்பாள் (இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியும்). அதனால் அஜ்மான் வீட்டின் சாவியை வாங்கிய அன்று நான் செய்த முதல் காரியம், நட்டநடு மத்தியானத்தில், பசியே இல்லாமல், நிதானமாக ஒரு குழம்பு வைத்ததுதான். கதவைத் தட்டி "ஆச்சா?" என்று கேட்க யாருமில்லை. அந்த வீட்டை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது என்று அடுப்படியில் நின்றபடியே தீர்மானித்தேன்.

வீட்டின் சொந்தக்காரர் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். தெருவே அவரை அர்பாப், அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடும். சாவியைக் கொடுக்கும்போதே விரலை ஆட்டிச் சொன்னார்: "ஃபேமிலி ஒன்லி. பேச்சிலர் மாஃபி. பார்ட்டிஷன் மாஃபி. பார்ட்டிஷன் தேக்கா, கலாஸ்!"

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாஃபி என்றால் கூடாது, கலாஸ் என்றால் கதை முடிந்தது. ஒரு வில்லாவைக் குடும்பத்துக்கு என்று வாடகைக்கு எடுத்து, உள்ளே பலகையால் தடுத்துத் தடுத்துப் பொந்து பொந்தாக்கி, ஒவ்வொரு பொந்திலும் இரட்டைக் கட்டில் போட்டு, தனியாக இருக்கும் ஆண்களுக்கு விடுவதுதான் பார்ட்டிஷன். முனிசிபாலிட்டிக்குத் தெரிந்தால் கரண்டையும் தண்ணீரையும் வெட்டிவிடுவார்கள். எங்கள் வரிசையிலேயே அர்பாபின் இன்னொரு வில்லாவில் அப்படி நடந்தது. அன்று டூட்டிக்குப் போகும்போது பார்த்தேன், அந்த வீட்டு ஃபிரிட்ஜ் நடுத்தெருவில் வெயிலில் நின்றது. அந்த ஃபிரிட்ஜ் பல நாள் என் கனவில் வந்தது.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றி. பெயர் ஆரோக்கியம். தூத்துக்குடிக்காரர். விமானங்கள் ரிப்பேர் ஆகும் ஒரு ஹேங்கரில் தகட்டு வேலை பார்க்கும் டெக்னீஷியன். நாள் முழுக்க அடுத்தவன் விமானத்தைத் தட்டியது போதாதென்று வீட்டில் சொந்தமாக ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். பொம்மை இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பறக்கும் நிஜ விமானம். பாகங்களாகப் பெட்டியில் வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வெளிநாட்டுக் கேப்டன் பாதி கட்டியதோடு ஊரைவிட்டுப் போனார், மீதியை இவர் தலையில் கட்டிவிட்டார். என்ன விலை என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது (அது தனிச் சந்தேகம்). எங்கள் இரண்டாவது படுக்கையறையில் இரண்டு இறக்கைகள் படுத்திருந்தன. வாலை அலமாரிக்கு மேல் வைத்திருந்தோம். ஊரிலிருந்து என் அம்மா போனில் "வீட்ல ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்டபோதெல்லாம், அந்த அறையில் வேறு ஆள் படுத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

விமானத்தை நான் ஏற்றுக்கொண்டேன். பெயிண்டை ஏற்கவில்லை. எங்கள் கிளினிக்குக்கு, கார்களுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கும் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். அவர் நெஞ்சில் விசில் அடிக்கும் சத்தத்தைக் கேட்டவள் நான். "ஸ்பிரே பெயிண்ட் மட்டும் இந்தக் காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"அதெல்லாம் ஹேங்கர்லயே அடிச்சிருவேன், சூப்பர்வைசர் சரின்னுட்டார்" என்றார் இவர்.

சூப்பர்வைசர் பிறகு முடியாது என்று சொல்லிவிட்டார். அதை இவர் என்னிடம் சொல்லவில்லை. எல்லா விபரீதமும் இங்கேதான் ஆரம்பித்தது.

ஒருநாள் கிளினிக்கிலிருந்து வந்தால் கார் ஷெட்டில் மரச் சட்டங்கள் அடுக்கியிருந்தன. எங்களிடம் இருந்த காரை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார்.

"என்னங்க இது?"

"சும்மா... ஒரு சின்ன ஏற்பாடு."

முகத்தைப் பார்த்தேன். மீன் விற்கிறவர் முகம்.

மறுநாள் பெரிய பெரிய பிளாஸ்டிக் ஷீட் வந்தது. அப்புறம் டியூப்லைட்டுகள். அப்புறம் எக்ஸாஸ்ட் ஃபேன், அதுவும் ஜோடியாக. ஒரு காருக்கு எதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன்? அது என்ன, மீன் பொரிக்கப் போகிறதா? ஏ.சி. ஃபில்டர்கள் வந்தன. தோட்டத்துக் குழாயிலிருந்து ஒரு ஹோஸ் ஷெட்டுக்குள் போனது. தண்ணீர் வசதி! சூக் சந்தையிலிருந்து ஒரு கட்டு பழைய பெட்ஷீட் வாங்கி வந்து, அதை எனக்குத் தெரியாமல் விமான அறையில் ஒளித்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் விரல் விட்டு எண்ணினேன். லைட், காற்று, தண்ணீர், படுக்கை. வேறென்ன வேண்டும் ஒரு பேச்சிலருக்கு?

அடுத்த வில்லாவில் இருந்த லிஸி சேச்சியிடம் போய்ச் சொன்னேன். சர்ச் பஸ்ஸில் என் பக்கத்து சீட் அவர்தான். மதில்மேல் எட்டி ஷெட்டைப் பார்த்துவிட்டு, இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டெல்லே, இது பார்ட்டிஷன் தன்னே. முனிசிபாலிட்டி வந்தா உன்னோட ஃபிரிட்ஜும் ரோட்டுல நிக்கும் கேட்டோ."

ஃபிரிட்ஜ் என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

யாருக்காக இந்தப் பொந்து என்பதுதான் மிச்சக் கேள்வி. அதற்கும் பதில் கிடைத்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே இவர் போனில் பேசுகிறார் (நான் ஒட்டுக் கேட்கவில்லை, துண்டு கொடுக்கப் போனேன்): "ஜெரோமு, வெள்ளிக்கிழமை காலைல வந்துரு. கூட ஒருத்தனக் கூட்டிட்டு வா. மாத்துத்துணி எடுத்துக்க. மதினிக்கு இப்ப ஒண்ணும் தெரிய வேண்டாம். அவ பூசைக்குப் போயிருவா."

ஜெரோம் இவருடைய சித்தப்பா மகன். விசிட் விசாவில் வந்து, "ரெண்டே வாரம் மதினி" என்று ஹாலில் பாயை விரித்தவன். ரம்ஜான் வந்து போனது, கிறிஸ்துமஸ் வந்து போனது, அவன் மட்டும் போகவில்லை. அவனைத் தொழிலாளர்கள் தங்கும் ஒரு கேம்ப்புக்கு அனுப்பிவைக்க நான் பட்ட பாடு எனக்கும் மாதாவுக்கும்தான் தெரியும். அவனேதான் திரும்பி வருகிறான், ஆள் சேர்த்துக்கொண்டு!

எனக்கு அழுகை வந்தது. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். தன் ஆட்களுக்காக என் வீட்டைப் பணயம் வைக்கிறாரே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வைக்கிறாரே என்று நினைத்து, அன்று துண்டைக் கொடுக்காமலே வந்துவிட்டேன். இவர் உள்ளேயிருந்து "புள்ள, துண்டு! துண்டு!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. வளைகுடாவில் எங்களுக்கு வெள்ளிதான் ஞாயிறு. லீவு நாளில்தானே பூசைக்குப் போக முடியும். இவர் தலைவலி என்றார். அடுப்படியில் இவரே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து டீ போட்டிராத மனிதர்! குடித்துக்கொண்டே, ஒரு கேஸைப் பார்ப்பதுபோல இவரைப் பார்த்தேன்.

சர்ச் பஸ் எங்கள் தெரு முனையில் திரும்பும்போது எதிரே ஒரு டாக்ஸி. உள்ளே ஜெரோம். பக்கத்தில் இன்னொருத்தன். இரண்டு பேர் மடியிலும் பெரிய பை. "கண்டோ?" என்றார் சேச்சி. கண்டேன், கண்டேன்.

அன்று சாமியார் எதைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது நான் கணக்குப் போட்டேன். முனிசிபாலிட்டிக்காரர்கள் கண்டுபிடித்தால் அர்பாப் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் துரத்துவார். நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால்? மேடம் நல்லவள், புருஷன்தான் சரியில்லை என்று ஆகிவிடும். வீடு தப்பும். புருஷனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (இப்படி ஒரு அறிவை எனக்குக் கொடுத்த கடவுளின் சந்நிதியிலேயே இதை யோசித்தேன்.)

பூசை முடிந்ததும் சர்ச் வளாகத்தில் நின்று அர்பாபுக்குப் போன் போட்டேன். என் இந்தி ஆஸ்பத்திரி இந்தி. "எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது" என்பதைத் தாண்டிப் போகாது.

"அர்பாப், மே மேடம் ஸ்டெல்லா. மேரா கர் மே பார்ட்டிஷன். பேச்சிலர் ஆகயா. மே அச்சா. ஹஸ்பெண்ட் நை அச்சா."

அவர் என்னை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தார். பிறகு, "நமாஸ் முடிச்சு வர்றேன்" என்பதை அவருடைய இந்தியில் சொல்லிவிட்டு வைத்தார்.

சேச்சியையும் கூட்டிக்கொண்டு டாக்ஸி பிடித்து வீட்டு வாசலில் நான் இறங்கவும் அர்பாபின் பெரிய வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. காற்று எழும்பியிருந்தது. தெரு முழுக்க மணல் ஓடியது. அவர் தலைத்துணியை ஒரு கையாலும் நீள அங்கியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்தார். நான் போலீஸ்காரிபோல முன்னால் நடந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் லிஸி சேச்சியின் தலை அதற்குள் தயாராக இருந்தது.

ஷெட் முழுவதையும் பிளாஸ்டிக் கூடாரமாக்கியிருந்தார்கள். உள்ளே டியூப்லைட்டுகள் பளீரென்று எரிந்தன. எக்ஸாஸ்ட் ஃபேன்கள் போட்ட சத்தத்தில் நாங்கள் வந்தது உள்ளே யாருக்கும் கேட்டிருக்காது. பிளாஸ்டிக்கில் நிழல்கள் தெரிந்தன. ஒருவன் குனிகிறான். ஒருவன் எதையோ தாங்கிப் பிடிக்கிறான். இன்னொருவன் மெதுவாகக் கையை இப்படியும் அப்படியும் வீசுகிறான். நடுவில் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கிற அளவுக்கு நீளமாக, அகலமாக ஒன்று.

"தேக்கோ அர்பாப்! கட்டில்!" என்றேன். "பெட்ஷீட் விரிக்கிறாங்க!"

அவர் பதில் சொல்வதற்குள் பிளாஸ்டிக் கதவைப் பிய்த்துக்கொண்டு, "வெளிய வாங்கலே எல்லாரும்! இது குடும்பம் இருக்க வீடு!" என்று கத்தியபடி உள்ளே பாய்ந்தேன்.

தூசி எழும்பாமலிருக்கத் தரையெல்லாம் தண்ணீர் விட்டு நனைத்திருந்தார்கள். ஹோஸ் அதற்குத்தான், பழைய பெட்ஷீட் பெயிண்ட் படக் கூடாததை மூடத்தான். இது எனக்குக் காலை வைத்த பிறகு தெரிந்தது. பூசைக்குப் போட்ட புதுச் செருப்பு சர்ரென்று வழுக்கியது. விழாமலிருக்க எதிரே இருந்ததை இரண்டு கைகளாலும் ஓங்கி அறைந்து பிடித்துக்கொண்டேன்.

குளுகுளுவென்று இருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. அடிப்பக்கம் மேலே தெரியக் கவிழ்த்துப் போட்டிருந்த விமான இறக்கை.

எதிரே தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பும், முகத்தில் கண்ணாடி மூடியும், அதிலிருந்து வெளியே போகும் நீளக் குழாயுமாக ஒரு உருவம், கையில் ஸ்பிரே கன்னோடு நின்றது. யானைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிறந்ததுபோல இருந்தது. அது மூடிக்குள்ளிருந்து ஏதோ அலறியது. ஒன்றும் புரியவில்லை. நான் பிய்த்த கதவு வழியாகத் தெருவிலிருந்த மணலெல்லாம் உள்ளே வந்து, ஈரப் பெயிண்டில் ஆற அமர உட்கார்ந்தது. முகமூடி போட்டிருந்த ஜெரோமும் அவன் கூட்டாளியும், அங்கி போட்ட பெரியவரை வாசலில் கண்டதும் போலீஸ் என்று நினைத்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

உருவம் மூடியைக் கழற்றியது. உள்ளே என் வீட்டுக்காரர். திட்டுவார் என்று நினைத்தேன். மிக மெதுவாகச் சொன்னார்: "ஸ்டெல்லா. கைய இழுக்காத. அப்படியே நேரா எடு."

எடுத்தேன். இறக்கையின் அடிப்பக்கத்தில் என் இரண்டு கைகளும் ரேகை சுத்தமாகப் பதிந்திருந்தன. ஜோசியக்காரர் பார்த்திருந்தால் முழுப் பலனும் சொல்லியிருப்பார்.

அர்பாப் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். ஜெரோமைப் பார்த்தார். இறக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மேடம், பேச்சிலர் கிதர்? கட்டில் கிதர்?" எங்கே என்கிறார்.

எனக்கு இந்தியும் மறந்தது, தமிழும் மறந்தது. இவர்தான் கழற்றிய மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அர்பாப், ஏரோபிளேன்" என்றார்.

"தய்யாரா?" பெரியவர் கண்கள் சுருங்கின. அரபியில் விமானத்துக்கு அதுதான் பெயர். பார்ட்டிஷன் என்றாலே ஃபிரிட்ஜ் ரோட்டுக்குப் போகும், விமானம் என்றால்? அவர் இவர் பக்கம் திரும்பினார். "என் வீட்டுல தய்யாரா?"

இவர் அவரைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய் மற்ற இறக்கையைக் காட்டினார். வாலைக் காட்டினார். கேப்டன் கொடுத்த காகிதங்களையும், பக்கத்து எமிரேட்டில், விமானத்தின் உடலை நிறுத்தியிருந்த சின்ன விமான கிளப் கொடுத்த அனுமதியையும் காட்டினார். நான் பெயிண்ட் கையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பெரியவர் அலமாரிக்கு மேலிருந்த வாலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உடேகா?" என்றார் கடைசியில். பறக்குமா?

"இன்ஷா அல்லா, அர்பாப்" என்றார் என் கத்தோலிக்கக் கணவர்.

பெரியவர் சிரித்துவிட்டார். சிரித்ததோடு நில்லாமல் போனை எடுத்துத் தன் சிநேகிதர்களையெல்லாம் வரச் சொன்னார். சாயங்காலம் வரைக்கும் வாசலில் வண்டிகள் வந்த வண்ணமிருந்தன. ஒவ்வொருவராக வந்து வாலைப் பார்த்தார்கள், இறக்கையைப் பார்த்தார்கள், கடைசியில் என் கைத்தடத்தையும் பார்த்தார்கள். அதை அர்பாப் விளக்கும்போது மட்டும் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் டீ போட்டுக்கொண்டே இருந்தேன்.

போகும்போது அர்பாப் மறுபடியும் விரலை ஆட்டினார். பெயிண்ட் வேலை சீக்கிரம் முடிந்து கூடாரம் போக வேண்டும். வீடு உங்களுக்குத்தான், ஃபேமிலி அச்சா ஃபேமிலி என்றார். அவர் வண்டி தெருவைத் தாண்டிய பிறகுதான் எனக்கு மூச்சு சரியாக வந்தது. உள்ளே போய் என் ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு இவர் என்னை உட்காரவைத்து, சமையல் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு என் கையிலிருந்த பெயிண்டைத் துடைத்தார்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விடுவியா?"

"விட மாட்டேன்."

"பின்ன?"

"காத்துக்குக் குழாய் வச்ச மூடியெல்லாம் உண்டுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன்."

"விட்டிருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். "விட்டிருக்க மாட்டேன்" என்றேன். இவர் காலையெல்லாம் செய்த வேலையை நான் மணலில் புரட்டி எடுத்திருந்தேன். ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் என் விரலிடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஜெரோம் கூடாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு உள்ளே வந்தான்.

"மதினி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. பெயிண்ட் வேல முடிஞ்ச பொறவு இதப் பிரிக்காம விட்டா, உள்ள ரெண்டு கட்டில் தாராளமாப் போடலாம்."

என் சந்தேகம் தப்பே இல்லை, கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று இன்றுவரை நான் வாதாடுவது இதனால்தான்.

பெயிண்ட் காய்ந்ததும் இவர் மணலையெல்லாம் தேய்த்து எடுத்து மறுபடியும் அடித்தார். என் கைகள் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார். "அதையும் தேய்ச்சிருங்களேன்" என்றேன். "கெடக்கட்டும். அடிப்பக்கம்தானே, யாரு பாக்கப் போறா?" என்றார். ஆயுசுக்கும் ஆதாரம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று அப்போதே எனக்குச் சந்தேகம்.

அது உண்மையும் ஆனது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். "யாரு போன்ல?", "ஏன் லேட்டு?", "அந்தப் பைல என்ன?" என்று நான் வாயைத் திறந்தால் போதும், இவர் இரண்டு உள்ளங்கைகளையும் தூக்கிக் காட்டுவார். பிற்பாடு பிறந்த மகள் பேச்சு வருவதற்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டாள். இப்போது கல்லூரி ஹாஸ்டலிலிருந்து வீடியோவில் பேசும்போது, "பின்னால யாருடி நிக்கா?" என்று நான் கேட்டால் திரையில் இரண்டு கைகள்தான் தெரியும்.

எல்லாப் பரிசோதனையும் முடிந்து, இவர் ஓட்டுகிற லைசென்ஸும் வாங்கிய பிறகு, கிளப்பில் ஒரு காலை நேரம் முதல் முறையாக அந்த விமானத்தில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதன் இறக்கை நம் தலைக்கு மேலே இருக்கும். ஓடியது, எழும்பியது, அஜ்மானெல்லாம் பொடியாகக் கீழே போனது. கீழே பார்க்கப் பயந்து மேலே பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே, இறக்கையின் அடியில், என் இரண்டு கைகள். இறக்கையை நான்தான் தாங்கிக்கொண்டு வருகிறேன் என்பதுபோல விரல்களை விரித்து ஒட்டியிருந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றாரே, உள்ளே உட்காருகிறவள் பார்ப்பாள் என்று தெரிந்துதான் விட்டு வைத்திருக்கிறார்.

அப்போது எஞ்சினில் ஏதோ சத்தம் மாறியது.

"என்னங்க அது? எதையோ எங்கிட்ட மறைக்கீங்களா?"

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஓட்டுகிற கோலை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நிதானமாக மேலே தூக்கினார்.

"ஐயோ, நம்புதேன்! நம்புதேன்!" என்று நடுவானத்தில் கத்தினேன். "கையக் கீழ போடுங்க!"